அம்மாவின் பித்தளை ஊக்கு

"பழங்காலத்துல மேல்துணியைக் குத்திக்கிற ஊக்கு மாடல்க்கா. அதப் பார்த்துதான் இப்ப டிசைன் பண்றாங்க" என்று ஆவடி நகைக்கடைப் பெண் ஓர் ஊக்கை என் உள்ளங்கையில் வைத்தாள். வில்லாக வளைந்த கம்பி, ஓரத்தில் ஒரு சுருள்.

தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, இதே வடிவத்தில் பித்தளைக் கம்பியை வளைத்து அம்மாவுக்கு ஓர் ஊக்கு செய்து கொடுத்திருந்தார். "இது எங்கியும் கெடைக்காது. உனக்குன்னே செஞ்சது" என்றார். விசேஷங்களுக்கு அம்மா அதைத்தான் முந்தானையில் குத்திக்கொள்வாள்.

ஒருநாள் பட்டாபிராம் ஸ்டேஷனில் ஒரு பெண் அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். என் கன்னத்தைத் தட்டி, "இன்னா செல்வி, நல்லா கீறியா?" என்றாள். அவளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவள் தோளில் அதே ஊக்கு.

வீடு திரும்பியதும், கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஸ்டேஷன்ல ஒரு ஆன்ட்டியும் இதே மாதிரி குத்திகினு இருந்தாங்கம்மா" என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

அம்மா ஊக்கைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். கல்யாணப் பந்தியில் சாப்பிடும்போதும் இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.