பிள்ளைகளின் பெயரில்

பிராங்பேர்ட்டில் குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று புலம்பெயர்ந்த எங்கள் ஈழத்து ஆட்கள் நடத்திய சங்கத்தில்தான் அந்த அக்காவைச் சந்தித்தேன். வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் என்பதால் அவரைக் கணக்காய்வாளராகத் தெரிவுசெய்திருந்தார்கள். கட்டையாக வெட்டிய நரைமுடி. மண்டபத்துக்குள்ளும் மழைக்கோட்டைக் கழற்றமாட்டார். கேள்வி கேட்கும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பார்.

ஆண்டுக் கூட்டத்தில் அப்படித் துடைத்துவிட்டுத் தலைவரைக் கேட்டார்: "சேர்த்த காசில முக்கால்வாசி விருந்துக்கும் பாட்டுக்காரருக்கும் போயிருக்கு. மிச்சம் எந்த ஆய்வுகூடத்துக்குப் போனது எண்டு ஒரு பற்றுச்சீட்டும் இல்லை. சொல்லுங்கோ."

"அக்கா, வருத்தக்காரப் பிள்ளையளுக்காகச் செய்யிறம். இதிலயும் கணக்குப் பார்க்கிறதோ?" என்றார் தலைவர். மண்டபம் கைதட்டியது.

"பிள்ளையளின்ர காசு எண்டபடியால்தான் பார்க்கிறன்" என்றார் அக்கா. கணக்கறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து வெளியேறினார்.

ரயில் நிலையம்வரை நானும் கூடப் போனேன். "சங்கத்துக்கு வரிவிலக்குக் குடுத்த வரி அலுவலகத்துக்கு அறிவிக்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. ஆனா இனி உண்மையாச் சேர்க்கிறவைக்கும் எங்கட சனம் குடுக்காது. அதுதான் எனக்குக் கவலை."

சங்கம் மூடப்பட்டது. நோயாளிப் பிள்ளைகளின் வயிற்றிலடித்தவர் என்று சனம் அக்காவைத்தான் திட்டியது. தலைவர் இப்போது வேறு பெயரில் கண் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கிறார்.

சென்ற ஆண்டு என் மகளின் கலியாணத்துக்கு அக்காவை அழைத்தேன்.

"நான் வந்தா மற்ற ஆக்கள் எழும்பிப் போவினம், தம்பி" என்றார். வரவில்லை. தலைவர் வந்து முன்வரிசையில் இருந்தார்.