நாற்பத்தைந்து வயது முகம்

ஐம்பத்தெட்டு வயதில் ஓர் ஆண்பிள்ளை முகமெல்லாம் பப்பாளியைப் பூசிக்கொண்டு கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தார் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். சொல்லி முடித்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அப்படி ஒளிந்து உட்கார்ந்திருந்தவர் என் அப்பா. பூசிவிட்டவள் நான். அப்போது ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

பாண்டிக்குப் பக்கத்தில் ஏம்பலத்தில் எங்களுக்கு வீடு இருந்த இடத்தைத் தவிர வேறு மண் கிடையாது. அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா களை எடுக்கப் போவாள். கரும்பு வெட்டுகிறவர் முகத்தை வெயில் பாதி தின்றுவிடும். மீதியைத் தோகை கிழித்துவிடும். அந்தத் தோகையின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். அப்பாவின் கன்னங்கள் வெடித்து, வெள்ளை பூத்து, தண்ணீர் வற்றிய ஏரி மண் மாதிரி கிடந்தன. வாயைத் திறந்து சிரித்தால் உதட்டோரம் ரத்தம் கசியும். அதனாலோ என்னவோ, அவர் அதிகம் சிரிக்கமாட்டார். அப்பா என்றால் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்புறம் எங்கள் பக்கம் கரும்பு வெட்டும் மிஷின் வந்தது. ஒரு கூட்டம் ஆட்கள் நாள் முழுக்கக் குனிந்து வெட்டுகிற கரும்புக் கொல்லையை அது சாப்பாட்டு நேரத்துக்குள் மொட்டையடித்துவிட்டுப் போனது. தெருப்பிள்ளைகள் எல்லாம் அதன் பின்னாலேயே ஓடி வேடிக்கை பார்த்தோம். நானும் கைதட்டினேன். அந்த வருஷம் அப்பாவை யாரும் வெட்டுக்குக் கூப்பிடவில்லை.

மெயின்ரோட்டு முக்கில் காலையில் ஒரு வேன் வந்து நிற்கும். மாட்டுத் தீவனக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன். மேஸ்திரி இறங்கி, நிற்கிறவர்களின் முகத்தை மாடு பிடிக்க வந்தவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். 'நீ ஏறு, நீ ஏறு' என்பார். வயதுக்கு ஆதாரம் எதுவும் கேட்கமாட்டார். முகத்தில் நாற்பத்தைந்துக்கு மேல் தெரிந்தால் ஏற்றமாட்டார், அவ்வளவுதான் சட்டம். அப்பா முதல் நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றார். "பெருசு, நீ வூட்ல பேரப்புள்ளைங்கள பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வேனில் ஏறிவிட்டாராம். பேரப்பிள்ளை எங்கிருந்து வரும், நானே அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு டப்பாவை என்னிடம் கொடுத்து, "நீ துன்னு, எனக்குப் பசிக்கல" என்றார். எனக்கு அன்று இரட்டைச் சாப்பாடு. முட்டை வேறு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, வில்லியனூரில் ஒரு பியூட்டி பார்லரில் முடி கூட்டித் தள்ளுகிற வேலை. கூட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டவள், வாய்க்காரி. அண்ணனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே இது, மூஞ்சியா முட்டிக்காலா?"

அப்பா கையைத் தட்டிவிட்டார். அவள் விடவில்லை. "வயசாச்சின்னா தோலு தன்னால எண்ணெ வுடாது, நாமதான் வுடணும். பொம்பளைங்க பார்லருக்கு வந்து பத்து வயச இறக்கி வெச்சிட்டுப் போறாளுங்க. உனக்கு மட்டும் இன்னா கேடு?" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து வைத்தியம் சொல்லிக்கொடுத்தாள். முதலில் சோப்பைத் தூக்கிக் கடாச வேண்டும். காய்ச்சாத பாலைத் துணியில் நனைத்து முகத்தைத் துடைக்க வேண்டும். பழுத்த பப்பாளியை மசித்துப் பூசிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பயத்தமாவு போட்டுக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளிசரினும் பன்னீரும் கலந்து தடவிவிட வேண்டும். காய்ந்தபிறகு தடவினால் சுவரில் தடவின மாதிரிதான் என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் என் வேலை. அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் உட்காருவார். யாராவது வாசலில் கூப்பிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பல்வலி என்பார். தெருவில் இரண்டு பேர் கிராம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கோழிகள் அவர் காலடியில் விழுந்த பப்பாளியைக் கொத்தித் தின்றன. நான் சிரிப்பை அடக்க முடியாமல் மாவுக் கிண்ணத்தைக் கவிழ்ப்பேன். அதற்கு முன்னால் நான் அப்பாவின் முகத்தைத் தொட்டதே கிடையாது. விரல் வைத்த இடமெல்லாம் சொரசொரவென்று, கண்ணுக்குக் கீழே மட்டும் மெத்தென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அதைவிட நான் சந்தோஷமாக இருந்த காலம் இல்லை.

கொஞ்சங் கொஞ்சமாக முகம் மாறியது. வெள்ளைப் பூத்தல் போனது, வெடிப்பு மூடியது, உதட்டில் ரத்தம் நின்றது. அத்தை மறுபடி வந்து தலைக்கும் மீசைக்கும் டை அடித்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்து அப்பா வாயைத் திறந்து சிரித்தார். மறுநாள் போய் வேன் முக்கில் நின்றார். மேஸ்திரிக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. வயது கேட்டதற்கு அப்பா நாற்பத்தி நாலு என்றாராம். ஏறச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அப்பா வந்து சொன்னதும் நான் தெருவெல்லாம் ஓடினேன், ஏன் ஓடுகிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியாமல்.

கம்பெனியில் வயதானவர்களும் இருந்தார்கள். ஆரம்பத்தில் சேர்ந்து அங்கேயே நரைத்தவர்கள். அவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இளவட்டங்களோடு லாரிக்கு மூட்டை ஏற்ற விட்டார்கள். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் நடுவில் அப்பா. அதையும் பெருமையாகத்தான் வந்து சொன்னார். அத்தை போனில் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

நாள் ஆக ஆக அப்பா வீட்டுக்கு வரும்போதே குனிந்து வர ஆரம்பித்தார். தட்டில் போட்ட சோற்றில் பாதியை வைத்துவிடுவார். தரையில் உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டியிருந்தது. முகம் மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்த விளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது, என் கைவண்ணம். ஒருநாள் நான் பாலும் துணியுமாக வந்தபோது அம்மா கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும்டி. அந்த மூஞ்சிய அப்பிடியே வுடு. வயசானவரு மாரி தெரிஞ்சாத்தான் தைக்க உக்கார வெப்பாங்க."

"தெரிஞ்சா தைக்கவா வெப்பான், இறக்கி வுட்டுடுவான்" என்றார் அப்பா.

"நீயே போயி உள்ளத சொல்லேன்."

"சொல்லிட்டு? வூட்ல உக்காந்துகினு இன்னா பண்றது?"

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கூண்டுக்குப் பின்னால் போனோம். அம்மாவுக்கு அப்பா அழகாக இருப்பது பிடிக்கவில்லை, பொறாமை என்று நான் முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். அன்றிலிருந்து அம்மா களைக்குப் போன நேரமாகப் பார்த்து அப்பாவுக்குத் தடவினேன். பாலில்லாத நாளில் தேங்காய்ப் பால் பிழிந்தேன்.

ஒருநாள் மத்தியானமே பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து என்னைக் கூட்டிப்போனார்கள். லாரியில் சாய்த்திருந்த பலகையில் மூட்டையோடு ஏறும்போது அப்பாவுக்குக் கால் மடங்கிவிட்டது. அவர் மல்லாக்க விழ, மூட்டை அவர்மேல் விழுந்தது. பாண்டி ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முகத்தில் ஒரு கீறல் கிடையாது. முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்தால் யாரோ கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் கொஞ்சம் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகு மேஸ்திரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "நாப்பத்தி நாலுன்னுதான்மா சொன்னாரு. மூஞ்சியும் அப்பிடித்தான இருந்துது. நான் இன்னாத்த கண்டேன்?" என்றார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கோ உள்ளுக்குள் பூரிப்பு. அத்தனை முகத்தைப் பார்த்த மேஸ்திரியே ஏமாந்துவிட்டார் பாருங்கள். அந்த மனுஷன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும், என் வாயால் வேறு எதுவும் சொல்லமாட்டேன்.

அப்பா கூடத்துக் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். டை வெளுத்து, மீசை அடியில் நரை எட்டிப் பார்த்தது. நான் பாலும் துணியும் எடுத்துக்கொண்டு போனால், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டுவார். களையெடுப்பு வேலையும் முடிந்துபோயிருந்தது. அம்மா காலையில் எங்கள் இருவருக்கும் போட்டுவிட்டு, தான் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வாள். கம்பெனியில் சாக்கு உதறுவதற்குப் பொம்பளை ஆட்களும் எடுக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் பேச்சு, நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு டை அடித்திருந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் கிளிசரினைத் தடவிக்கொண்டிருந்தாள். என் அம்மா அதுவரைக்கும் பவுடர்கூடப் போட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா இப்படிக் கிடக்கசொல்ல உனக்கு மேக்கப் கேக்குதா என்று கத்தினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா திட்டுவார், கண்ணாடியைப் பிடுங்கி வீசச் சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "கழுத்துக்கும் தடவு. மேஸ்திரி மொதல்ல கழுத்தத்தான் பாப்பான்."

அம்மா தாடையைத் தூக்கிக்கொண்டு கழுத்துக்கும் தடவினாள். இரண்டு பேருக்குமே வெட்கம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, புத்தகப்பையை மூலையில் எறிந்துவிட்டு நான் விளையாடப் போனேன்.