மஞ்சள் சட்டையின் தோளில்

இது நடந்தது. மூன்று கோப்புகளும் என் கணினியில் இன்னும் இருக்கின்றன, சேமித்த நேரத்தோடு. நம்பாதவர்கள் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுக்கு வரலாம். நீங்களே திறந்து பாருங்கள். நான் திறக்கமாட்டேன்.

எங்கள் மாதா கோயிலில் யார் இறந்தாலும் நினைவு அட்டைக்குப் படம் வெட்டித் தருவது நான்தான். இறந்தவருக்குத் தனிப் படம் அநேகமாக இருக்காது. ஏதாவது கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். தோளில் எப்போதும் யாருடைய விரலாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அழித்து, அடியில் மறைந்த துணியை நிரப்புவேன். மீதிப் படத்தையும் அப்படியே சுத்தம் செய்து கொடுப்பேன். "கில்பர்ட் வெட்டுனா ஒரு விரல் மிஞ்சாது" என்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

போன வருடம் மார்ச்சில் என் மனைவி வினிஃப்ரெட் இறந்தாள். முப்பதாம் நாள் பூசை, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. அட்டை வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அச்சகத்தில் அன்று மூன்று மணிவரைதான் காத்திருப்பார்கள்.

கிடைத்தது ஒரே ஒரு நல்ல படம். ஆயர் ஈத்தாம் ஊரில் ஒரு பானைக் கடை வாசலில் அவளும் எங்கள் ஒரே மகள் ஸ்டெஃபனியும். மகள் மஞ்சள் சட்டையில். அவள் தோளில் அம்மாவின் கை.

2.35. ஸ்டெஃபனி அழைத்தாள். பண்டார் தெங்காராவில் ஆசிரியையாக இருந்தாள். தோழி லோஷினியின் காரில் பூசைக்கு வந்துகொண்டிருந்தாள்.

"கெளம்பிட்டோம்பா. இவ ஓட்டுற லட்சணத்துக்குப் பூசை முடிஞ்சுதான் வந்து சேருவோம் லா."

"ஏய், அங்கிள்கிட்ட போட்டுக் குடுக்காத!" லோஷினியின் குரல்.

"மெதுவாவே வாங்க."

"அப்பா... ஏர்கோன் ஆஃப் பண்ணியாச்சு. அப்பவும் ஒரு தோள் மட்டும் ஜில்லுனு இருக்கு."

"துப்பட்டாவப் போத்திக்கம்மா."

2.52. வினிஃப்ரெட்டை வெட்டி முடித்து அச்சகத்துக்கு அனுப்பினேன். மீதிப் படத்தில் மகள் மட்டும். தோளில், மணிக்கட்டோடு நின்றுபோன கை.

அப்படியே விட்டிருக்கலாம். வினிஃப்ரெட்டின் தங்கை வலேரி காலையில் சொல்லியிருந்தாள். "அத்தான், செத்தவங்க கை உயிரோட இருக்குற புள்ள மேல இருக்கக் கூடாது. அழிச்சுடுங்க."

அழித்தேன். மஞ்சள் துணியை நிரப்பினேன். 3.04க்குச் சேமித்தேன்.

சரிபார்க்கத் திறந்தேன்.

கை இருந்தது.

ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி அழித்தேன். சேமித்தேன். 3.11.

திறந்தேன். கை இருந்தது...

முன்பு விரல்கள் தோள்மேல் சும்மா கிடந்தன. இப்போது மடங்கியிருந்தன. அடியில் சட்டை சுருங்கியிருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. எதையாவது இறுக்கிப் பிடித்தால் வெளுக்குமே, அப்படி.

சர்... சர்...

துணியைக் கசக்கும் சத்தம். என் முதுகுக்குப் பின்னால். நான் திரும்பவில்லை.

என் பிள்ளையைக் கூட்டிப்போகப் பார்க்கிறாள். எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

"விடு, வினி" என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

சுண்டு விரலை அழித்தேன். மோதிர விரல். நடு விரல்... சர் சர் சர்... ஆள்காட்டி விரல்.

கட்டை விரல்.

சேமித்தேன். 3.26.

சத்தம் நின்றது.

திறந்தேன். கை இல்லை. சுத்தமான மஞ்சள். ஒரு பிசிறு இல்லை.

4.10க்குப் போலீஸிலிருந்து அழைத்தார்கள். வளைவில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி. பூசைக்கு நான் போகவில்லை.

லோஷினி பிழைத்தாள். இரண்டு வாரம் கழித்து, மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி பேசினாள்.

"வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தா அங்கிள். யாரோ தோளப் புடிச்சுப் பின்னால இழுக்குறாங்கன்னு. பயமா இல்ல, அம்மா புடிக்கிற மாதிரியே இருக்குன்னா. அந்த வளைவுக்கு முன்னால... சடார்னு திரும்பிப் பாத்தா."

"என்ன சொன்னா?"

"'விட்டுட்டாங்க'ன்னு."

"மணி என்ன இருக்கும்மா?"

"டேஷ்போர்டுல பாத்தேன் அங்கிள். மூணு இருபத்தாறு."