எல்லைக்கல்லோடு நின்ற யூட்

என் தம்பி யூட் ஜெர்மனியில் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புகைபோட்ட பன்றித் தொடை ஒன்று. பியர் இரண்டு பெட்டி. அவன் குடிப்பதில்லை, அந்தக் குறையை என் கணவர் பாலச்சந்திரன் தீர்த்துவைத்தார். தோட்டத்தில் வைக்கும் தாடிக்காரக் குள்ளன் பொம்மை ஒன்று. வெல்லும்போதே அதற்கு மூக்கு இல்லை. தகரக் கோப்பைகள் நான்கு. எல்லாவற்றையும் தட்டைப் பாதத்தோடும், மலிவுக்கடைச் சப்பாத்தோடும், காலையில் பழஞ்சோறு தின்றுவிட்டும் வென்றான். கூட ஓடியவர்கள் நெஞ்சுத் துடிப்பை எண்ணும் மணிக்கூடு கட்டி, பிழிந்து குடிக்கும் பசையைப் பையில் வைத்திருந்தார்கள். பார்த்தால் பற்பசை போலத்தான் இருக்கும்.

ஓட்டம் என்றதும் மைதானத்தை நினைக்க வேண்டாம். பீலெஃபெல்டுக்கு மேற்கே ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகம் ஒவ்வொரு ஒக்டோபரிலும் மலைக்காட்டில் சேற்றோட்டம் நடத்தும். வேர், கல், ஓடை, முழங்கால் அளவு சேறு. நல்ல மழைநாளாகப் பார்த்துத் திகதி வைப்பார்கள். எருமை சூடு தாங்காமல் சேற்றில் படுக்கிறது. இவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு, காசும் கட்டிவிட்டுப் படுக்கிறார்கள்.

யூட் இதற்குள் விழுந்த காரணம் எளியது. அவன் 1998 கடைசியில் வந்தான். அகதி மனு நிராகரிக்கப்பட்டு, கையில் டுல்டுங் கடதாசி கொடுத்தார்கள். இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை என்று அதற்கு அர்த்தம். சில மாதத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பிக்க வேண்டும். வேலை செய்ய அனுமதி வேண்டும், தரவில்லை. காட்டில் ஓட அனுமதி வேண்டியதில்லை. ஆகவே ஓடினான்.

என் கணவருக்கு அது பெரிய பகிடி.

"ஊரிலை ஷெல் விழேக்கை ஓடினாய், சரி. இங்கை உன்னை ஆரடா துரத்துறது?"

"அங்கை ஓடேக்கை ஒருத்தரும் கைதட்டேல்லை, அத்தான்."

அந்தக் கடதாசியில் இன்னொரு வரியும் இருந்தது. நாங்கள் இருக்கும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது. போவதென்றால் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். 2004இல் மச்சாளின் கல்யாணம் ஓஸ்னாபுருக்கில் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ரயில், ஆனால் அது நீடர்சாக்சன் மாநிலம். பலகாரத் தட்டோடு இறங்கியவனை ஸ்டேஷனிலேயே பொலிஸ் மறித்தது. அபராதம். இன்னொரு தடவை பிடிபட்டால் வழக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பயத்தங்காய்ப் பணியாரம் குறைந்திருந்ததாக யூட் இன்றும் சாதிக்கிறான். நான் நம்பவில்லை, வழியில் தின்றிருப்பான்.

2007இல் புதுச் சட்டம் வந்தது. நீண்ட காலம் டுல்டுங்கில் கிடந்தவர்களுக்கு விசா கொடுப்பார்கள். ஆனால் வழக்கு ஒன்றும் இருக்கக்கூடாது, வேலை தர ஆளும் வேண்டும். யூட் விண்ணப்பம் போட்டுவிட்டு, பூனை நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தான். சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கக்கூட மாட்டான். நடுத்தெருவில் ஒரு கார் இல்லாதபோதும் நின்று என் பொறுமையைச் சோதிப்பான்.

அந்த வருட ஓட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மாற்றுடுப்பு, சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர், துவாய் இரண்டு. ஒன்று சேற்றுக்கு, மற்றது ஆளுக்கு. ஓட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனவரிப் புயலில் விழுந்த மரங்கள் வழக்கமான பாதையில் இன்னும் கிடக்கின்றன, ஆகவே பாதை முகட்டைத் தாண்டி நீடர்சாக்சனுக்குள் இறங்கி, கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி ஏறும். "வாகனங்களை மறிக்க நமது நண்பர்கள் பொலிசார் கீழே வீதியில் நிற்பார்கள்!" எல்லாரும் கைதட்டினார்கள்.

யூட் என்னைப் பார்த்தான்.

"அக்கா, கேட்டனீங்களே?"

"கேட்டன். துவாயைப் பிடி, வீட்டை போவம்."

"எல்லை மட்டும் ஓடுறன்."

"அங்கை போய்?"

"நிப்பன்."

மூளை உள்ளவன் சொல்லும் பேச்சா? நான் குறுக்குப் பாதையால் முகட்டுக்கு ஏறினேன். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு பழைய எல்லைக்கல், பாசி பிடித்து நின்றது. மறுபக்கச் சரிவில் கீழே வீதி; பச்சை உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர் யாரையாவது உற்சாகப்படுத்தக் கையை உரசிக்கொண்டு நின்றார்கள்.

முதலாவதாக வந்தது யூட். கண்ணும் பல்லும்தான் வெள்ளை. கல்லடிக்கு வந்து, சொன்னபடியே நின்றான்.

பின்னாலே வந்தவன் ஹோல்கர், தபால்காரன். நாலு வருடமாக யூட்டிடம் தோற்றுவந்தவன். "கால் பிசகிப்போச்சா?" என்று கேட்டான்.

"இல்லை. நான் அந்தப் பக்கம் வர ஏலாது."

அவனுக்கு விளங்கவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நீடர்சாக்சனுக்குள் இறங்கினான். பொலிஸ்காரர் கைதட்டினார்கள்.

அடுத்த கூட்டத்தின் மூச்சுச் சத்தம் கேட்டது. யூட் வலப்பக்கம் திரும்பி எல்லைக் கற்களை ஒட்டியே ஓடத் தொடங்கினான். அது பாதை அல்ல. மரம் இழுக்கும் இயந்திரங்கள் உழுது குழப்பிய சதுப்பு. எல்லையோடு போனால் பாதை திரும்பி ஏறும் இடம் வரும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான்.

இங்கேதான் அவன் கணக்குப் போடாத ஒன்று நடந்தது. சேற்றில் ஓடுகிறவர்கள் பாதையைப் பார்ப்பதில்லை. முன்னால் ஓடுகிறவனின் முதுகைப் பார்ப்பார்கள். நாலு வருடமாக முன்னால் போன முதுகு யூட்டுடையது. அது திரும்பியது, கூட்டமும் திரும்பியது. நான் "அங்காலை இல்லை, அங்காலை இல்லை!" என்று தமிழில் கத்தினேன். ஜெர்மன் வாயில் வரவில்லை. உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து ஒருவர் எனக்குக் கை காட்டிவிட்டு இடுப்பளவு சேற்றில் இறங்கினார்.

முடிவுக்கோட்டில் யூட் முதலாவது. அவனுக்குப் பின்னால் பானைக்குக் குழைத்த களிமண் போல மனிதர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஹோல்கர் தனியாகச் சரியான பாதையால் வந்தான். ஒப்பிட்டால் குளித்தவன் மாதிரி இருந்தான். நடுவர் கூடாரத்தில் ஒரே இரைச்சல். மருந்துக்கடைக்காரர் ஒருவர் யூட்டை விரலால் சுட்டி, "ஏன் திரும்பினாய்? அதைச் சொல் முதலில்!" என்றார்.

பொய் சொன்னால் பிழைத்திருப்பான். பாதை தவறினேன் என்றால் முடிந்தது. யூட் என் பக்கம் திரும்பினான். உண்மையையே சொல்லு என்று நான் தலையாட்டினேன்.

"எனக்கு நீடர்சாக்சனுக்குள் போகத் தடை."

கூடாரமே சிரித்தது. அந்த ஊருக்குள் பக்கத்து மாநிலத்தைப் பற்றி என்ன பகிடி இருக்கிறதோ தெரியாது.

சிரிப்பு அடங்கும் முன் ஹோல்கர் கேட்டான்: "எவ்வளவு காலமாக?"

"ஒன்பது வருசம்."

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தானே. யூட்டையும் பின்னால் போன அத்தனை பேரையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள். முதல் பரிசு ஒரு தள்ளுவண்டி நிறைய இறைச்சிச் சொசேஜ். ஹோல்கர் அதைத் தள்ளிக்கொண்டு போனதை நான் விரும்பவில்லை.

சதுப்பில் ஒரு சப்பாத்தைத் தொலைத்த பெண்ணொருத்தி ஒற்றைக் காலில் எங்களிடம் வந்தாள். ஃபிராவ் ஓபர்மான், எங்கள் பேச்சில் ஓபர்மான் அம்மா. காட்டில் விழுந்த மரங்களை அகற்றும் சிறிய நிறுவனம் வைத்திருந்தாள்.

"அந்த இடத்தில் என் இயந்திரம் இரண்டு தரம் புதைந்தது. ஆட்கள் வரமாட்டோம் என்கிறார்கள். நீ எங்களை இழுத்துப் போனாய், ஒருவரும் சாகவில்லை. திங்கட்கிழமை வருகிறாயா?"

"வேலைக்கு அனுமதி இல்லை," என்றான் யூட்.

"யாரிடம் கேட்க வேண்டும்?"

வெளிநாட்டவர் அலுவலகத்தின் விலாசமும், அறை எண்ணும், எங்கள் ஃபைலைப் பார்க்கும் அதிகாரி அம்மாவின் பெயரும், அவர் தொலைபேசி எடுக்கும் நேரமும் எனக்கு மனப்பாடம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஜெர்மனில் வேறு எதையும் இவ்வளவு பிழையில்லாமல் சொன்னதில்லை.

ஃபிராவ் ஓபர்மான் மறுநாளே தொலைபேசி எடுத்தாளாம். கிடைக்காதபோது நேரே போனாளாம், காட்டுச் சப்பாத்தோடு. சில வாரத்தில் அனுமதி வந்தது. விசாவுக்கும் வழி திறந்தது.

ஒப்பந்தம் போட நானும் கூடப் போனேன். எண்ணெய் மணக்கும் கொட்டகை, மேசையில் மரம் அறுக்கும் வாளின் சங்கிலி ஒன்று. ஒன்பது வருடமாக யூட் எத்தனையோ கடதாசியில் பேனையால் கீறியிருக்கிறான். எல்லாம் பெற்றுக்கொண்டேன், விளங்கிக்கொண்டேன், போகமாட்டேன் என்பதற்கான கீறல்கள். ஒன்றையும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாது.

"அக்கா, முழுப்பேரையும் எழுதட்டே?"

"எழுதடா. கோடு நீளமாத்தானே கிடக்கு."

செபமாலை யூட் அன்ரன் என்று, ஒவ்வொரு எழுத்தும் தெரிய, அவன் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாக இட்டது 2007 நவம்பர் 19, திங்கட்கிழமை.