அளக்காமல் சொன்ன எடை

மெஹருன்னிசாவின் குழந்தை பிறந்தபோது அதன் வலது கை அசையவில்லை. அதற்குக் காரணம் நான். சகோதரிகளே, இதைச் சபையில் சாட்சியாகச் சொல்ல நாக்கு கூசுகிறது.

யுத்த காலம். திருச்சி பாலக்கரையில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ் நான். வயிற்றின் உயரத்தையும் சுற்றளவையும் நாடாவால் அளந்தால் குழந்தையின் எடை ஏறக்குறையத் தெரிந்துவிடும். பெரிய குழந்தை என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

அந்த ஆடியில் மெஹருன்னிசாவுக்கு நாள் நெருங்கியிருந்தது. ஒருநாள் அவளைப் பார்க்கப் போனேன். அன்று சாயங்காலம் சபைக் கூட்டத்தில் நான் பாட வேண்டும். அவசரத்தில் புடவைக்கு மேலேயே தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

"நாடா வச்சுப் பாக்கலையா நர்ஸம்மா?" என்று அவள் அக்கா ஜைனப் கேட்டாள்.

"என் கைக்குத் தெரியாதா? ஆறு ராத்தல்தான், சின்னப் புள்ள. வீட்டிலேயே பாத்துக்கலாம்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் வலி எடுத்தது. தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. குழந்தையின் முகம் கறுத்துக்கொண்டே போனது. 'ஆண்டவரே, என் பேரைக் காப்பாற்றும்' என்றுதான் முதலில் ஜெபித்தேன். அந்த நேரத்திலும் என் பேர்! எனக்கே அருவருப்பாக இருந்தது. 'என் பேர் போகட்டும், இந்தப் பிள்ளையைக் கொடும்' என்று கதறினேன். உடனே, பயிற்சியில் டாக்டரம்மா காட்டியது நினைவுக்கு வந்தது. மெஹருன்னிசாவின் முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து அழுத்தும்படி ஜைனபிடம் சொன்னேன். தோள் விடுபட்டது. பெண் குழந்தை. அழுதாள். ஒன்பது ராத்தல், பெரிய குழந்தை. தோள் சிக்கி இழுபட்டதில் வலது கை மட்டும் துவண்டு கிடந்தது.

பிறவிக் குறை என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் முழங்காலிட்டால் ஜெபம் வரவில்லை. ஒன்பதாம் நாள் மெஹருன்னிசாவின் முன்னால் போய் நின்றேன்.

"அன்னிக்கு நான் அளக்கலைம்மா. பொய் சொல்லிட்டேன். அளந்திருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்."

ஜைனப் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஹருன்னிசா குழந்தையின் துவண்ட கையைத் தடவினாள். பிறகு, "நீங்க உங்க ஆண்டவர்கிட்ட கேளுங்க, நான் அல்லாகிட்ட துஆ கேக்குறேன். தினமும் வந்து கையைப் பாத்துட்டுப் போங்க" என்றாள்.

தினமும் போனேன். ஜைனப் கதவைத் திறந்துவிடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். மூன்றாம் மாதம் ஒரு காலையில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அவள் குரல்தான் வந்தது.

"நர்ஸம்மா, ஓடி வாங்க! புள்ள கையைத் தூக்குது!"

அந்தச் சின்னக் கை தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஆண்டவருக்கு நன்றி. அதற்குப் பிறகு நான் எந்த வயிற்றையும் அளக்காமல் விட்டதில்லை. வெட்கம் இன்னும் இருக்கிறது. ஜெபிக்க முடியாமல் தவிக்கிறவர்கள் இங்கே இருந்தால், மறைத்து வைத்திருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். என்னைப் போன்றவளுக்கே செவிகொடுத்தவர், உங்களுக்கும் கொடுப்பார்.