மூன்று ஸ்டாம்பும் மஞ்சள் விரல்களும்

போன புதன்கிழமை ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். ஆமாம், நான்தான். அதுவும் நல்ல தமிழில், பிழையில்லாமல், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து!

அடுத்த மாதம் சிதம்பரத்தில் என் மகளுக்குக் கல்யாணம். “வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பினா போதாதாப்பா?” என்றாள். போதாது. எங்கள் சொந்தக்காரர்களுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர் வீடு தேடி வர வேண்டும். இல்லாவிட்டாலும் கல்யாணத்துக்கு வருவார்கள்... முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள்.

மனைவி மஞ்சளைக் குழைத்துத் தடவத் தடவ, பின்னாலேயே நான் ஸ்டாம்ப் ஒட்டினேன். எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் திணித்து, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் கொடுத்தேன். கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் கலைவாணி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் சிதம்பரத்திலிருந்து மைத்துனன் போன்.

“இன்னா மாமா, ஸ்டாம்ப் ஒட்டாமயே பத்திரிகை அனுப்பியிருக்கீங்க? போஸ்ட்மேன் தண்டம் வாங்கிட்டுப் போறாரு! எதுத்த வூடு, பெரியப்பா வூடு, எல்லாம் இதே கதைதான்.”

“என் கையால ஒட்டுனேன் மச்சான்!”

“அப்ப உள்ளயே யாரோ பிச்சிட்டாங்க. சும்மா வுடாதீங்க மாமா.”

விடுவேனா? எனக்குள் இருந்த துப்பறிவாளன் எழுந்து உட்கார்ந்தான். கவர்களைக் கொடுத்த அன்று மாலை, மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க மறுபடி அங்கே போயிருந்தேன். அப்போது கலைவாணியின் விரல்களெல்லாம் மஞ்சள்! கவரை வாங்கி வைக்கிறவருக்கு விரல் நுனி முழுக்க ஏன் மஞ்சள் ஒட்ட வேண்டும்? பிய்த்திருக்கிறார். வேறென்ன?

புகாரில் அந்த விரல்களுக்கே ஒரு முழுப் பத்தி ஒதுக்கினேன். எழுதிப் பழகிய கை, சும்மா இருக்குமா?

போஸ்ட்மாஸ்டர் இரண்டு முறை படித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சார், எழுத்துல வந்துட்டா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நான் மேல அனுப்பியாவணும். ஸ்டாஃப் ஸ்டாம்பைத் தொட்டாங்கன்னு நிரூபணமாச்சுன்னா வேலை மட்டும் போவாது. போலீஸ் கேசு, ஜெயில் வரைக்கும் போவும். இவுங்க மீனவர் குடும்பம். அந்த வூட்டுக்கே இதுதான் மொத கவர்மென்ட் வேலை, இன்னும் பர்மனென்ட் கூட ஆவல. யோசிச்சுத்தான் குடுக்கிறீங்களா?”

“யோசிச்சுத்தான்” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வெளியே வரும்போது கலைவாணி வழக்கம்போல, “போயிட்டு வாங்க சார்” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். காய்கறி வாங்கி வரச் சொல்லி மனைவி ஒரு பையைக் கொடுத்தாள். அதே துணிக்கடைப் பை. தூசி போகட்டும் என்று தலைகீழாகப் பிடித்து உதறினேன்.

மூன்று ஸ்டாம்ப் விழுந்தது. முதுகெல்லாம் மஞ்சள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, பையின் அடியில் மூன்று கவர் சிக்கிக்கொண்டிருந்தன. திரும்பப் போய் வரிசையில் நிற்கச் சோம்பல். ஸ்டாம்ப் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன். மூன்றும் சிதம்பரத்துக் கவர்கள்!

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். சட்டைப் பித்தான்கூடச் சரியாகப் போடவில்லை. என் புகார் போஸ்ட்மாஸ்டரின் மேஜையில் உறைக்குள் தயாராக இருந்தது. நல்லவேளை, இன்னும் கிளம்பவில்லை. கெஞ்சி வாங்கிக் கிழித்துப் போட்டேன். பிறகு கலைவாணியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். விரல் பத்தி உட்பட.

அவர் தன் விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“மஞ்ச காயறதுக்குள்ள ஒட்டிட்டீங்க போல சார். நீங்க போனப்புறம் பாத்தா, பாதி ஸ்டாம்பு கழண்டுகிட்டு நிக்குது. கல்யாணப் பத்திரிகையாச்சே, தண்டம் போட்டா நல்லாவா இருக்கும்? சாப்பாட்டு நேரத்துல உக்காந்து, கோந்து தடவி எல்லாத்தையும் அழுத்தி ஒட்டிட்டேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “எங்கம்மா என் வேலை ஆர்டரை சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காங்க சார்.”

அவர் கை பட்ட கவர்களெல்லாம் ஸ்டாம்போடு போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஸ்டாம்ப் இல்லாமல் போன மூன்றும் அவர் கை படாதவை.

சட்டம் கடுமையாக இருக்கட்டும், வேண்டியதுதான். ஊரே நம்பிக் கொடுக்கிற கவர் ஆயிற்றே. ஆனால் அதை இன்னொருவர் மேல் ஏவுவதற்கு முன்னால், நம் பையை ஒரு தடவை உதறிப் பார்க்கலாம் இல்லையா?

என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த மூன்று ஸ்டாம்பையும் நீட்டி, “நீங்களே வச்சிக்குங்கம்மா” என்றேன். சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, வாணாம் சார்! இத வாங்கினாத்தான் நான் உள்ள போவணும்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். போஸ்ட்மாஸ்டரும் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் மனைவியோடு போய்க் கலைவாணிக்கும் அவர் அம்மாவுக்கும் பத்திரிகை வைத்தோம். நாலு மூலையிலும் மஞ்சள் நன்றாகக் காய்ந்திருந்தது.

இந்த ஒன்றை மட்டும் கையிலேயே கொடுத்துவிட்டேன். நான் ஸ்டாம்ப் ஒட்டுகிற லட்சணம்தான் தெரிந்துவிட்டதே!