பிள்ளையார்பாளையத்தில் சலுகை என்றால்

வளரும் நாடுகளின் சரக்குகளுக்குப் பணக்கார நாடுகள் சுங்கவரிச் சலுகை தருவது என்று டெல்லி வணிக மாநாடு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தீர்மானத்தின் நகலைப் படித்துவிட்டே எழுதுகிறேன். அது கைக்கு வந்த வாரம், 1968 ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரம் போனேன். டெல்லியில் இரண்டு மாதம் பேசியது ஒரு நெசவாளர் வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க ஆசை.

சென்னையில் காலை ஆறேகாலுக்கு பஸ். நாற்பத்தைந்து மைல், இரண்டே முக்கால் ரூபாய். எட்டரைக்குப் பெரிய காஞ்சிபுரம்.

“சாமியா, புடவையா சார்?” என்றார் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்.

இரண்டும் இல்லை என்றேன். “அப்போ ஊரு மாறி வந்துட்டே சார்” என்று சொல்லி, எட்டணாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் இறக்கிவிட்டார்.

நெசவாளர் சங்கத்தில் காட்டிய வீடு தனம்மாளுடையது. தனியாக நெய்துகொண்டிருந்தார். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்க்கும் கோர்வைப் புடவைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். அவருடைய ஜோடி கணவர் கண்ணியப்பன். கோர்வைக்கு ஆர்டர் குறைந்ததால், பதினோரு மாதத்துக்கு முன் பெங்களூர் விசைத்தறிக்குப் போய்விட்டார். அவர் உட்கார்ந்த பலகை தறியோரம் கிடந்தது. நான் அதில் உட்காரப் போனேன். தனம்மாள் அவசரமாகப் பாயை விரித்தார்.

பக்கத்தில் ஒட்டாத இன்லண்ட் கடிதம் ஒன்று. “சித்திரை ஒண்ணுலேர்ந்து சலுகையாமே சார். வேலைய விட்டுட்டு வந்துடுங்கன்னு அவருக்கு எழுதிக்கினு இருக்கேன்.”

தீர்மானத்தில் அப்படி ஒரு தேதியே இல்லை. இந்தத் தெருவில் சலுகை என்றால் கைத்தறிக் கடைகள் பண்டிகைக்குத் தரும் தள்ளுபடி. தொடங்கும் தேதியைப் பலகையில் எழுதி மாட்டுவார்கள். ரேடியோவில் அந்தச் சொல் வந்ததும், தேதியைத் தெருவே வைத்துவிட்டது. வரி குறைந்தால் ஜெர்மனிக்குக் கோர்வைத் துணி போகும் என்று சங்கத்திலும் பேச்சு.

அடுத்த தறியிலிருந்து கொழுந்தன் மணி குரல் கொடுத்தார்: “ஜெர்மனிக்காரி பட்டுக் கட்டிக்கினுதான் மாடு கறக்கப் போறா அண்ணி!”

“நீ உன் இழையப் பாருப்பா.”

கண்ணியப்பன் கிளம்பினால் பெங்களூரில் அந்த இடம் மறுநாளே வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே உள்ளதைச் சொன்னேன்: “கொள்கையளவுலதான் ஒத்துக்கிட்டாங்கம்மா.”

“அப்படின்னா?”

“பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லியாச்சு. தேதி குறிக்கல.”

“தட்டு மாத்தலியா?”

“இல்லை. எந்தெந்தச் சரக்குன்னே இன்னும் பட்டியல் போடல.”

தனம்மாள் இழை ஓட்டும் நாடாவைத் தறியில் வைத்தார். பிறகு கடிதத்தில் ஒரு வரியை அடித்தார். “வைகாசி கருட சேவைக்கு நாலு நாள் லீவு போட்டுட்டு வரச் சொல்றேன்.”

“வந்தா தறியில உட்காருவாரா?” என்றார் மணி.

“வேணாம். வூட்ல இருந்தா போதும்.”

நெசவு பார்க்கப் போகிறவர்கள் காலை பத்துக்குள் போங்கள். அமாவாசையன்று தறி ஓடாது. நெய்கிறவரிடம் விலை கேட்காதீர்கள், அது கடையில். திரும்பும்போது கடிதத்தைத் தபால்பெட்டியில் போட என்னிடமே தந்தார் தனம்மாள்.

1970 தொடக்கத்தில் சலுகை நடப்புக்கு வரலாம் என்கிறது தீர்மானம். பட்டு அதில் சேருமா என்பது முடிவாகவில்லை. கண்ணியப்பனின் பதில் வர ஒரு வாரம் ஆகும்.